வைனுக்கு வரவேற்பு, கள்ளுக்குக் கைவிலங்கு

டிஸ்கி: இது குடிக்கச் சொல்ற பதிவு இல்லை. "குடி குடியைக் கெடுக்கும்"னு டைப் பண்ண ஆரம்பிச்சிட்ட நண்பர்கள் கொஞ்சம் பொறுத்து, முழுசாப் படிச்சிட்டு அப்புறம் திட்டவும். திட்டுறதுக்கு நானே நாலு பாயிண்ட் உள்ள எடுத்துக் கொடுத்திருக்கேன் :-)

எங்கிட்ட ரெண்டு போட்டோ இருக்கு. ஒண்ணு இத்தாலியில மொண்டெபுல்சியானோன்னு ஒரு மலை ஊர்ல எடுத்தது. (வாயில நுழையலைன்னா விட்டுடுங்க, எனக்கே மூணு நாள் ஆச்சு.) கல்லுக் கட்டடம், பின்னாடி பள்ளத்தாக்கு, கையில சிவப்பு வைன். ரெண்டாவது குட்டநாட்டுல ஒரு கள்ளுக்கடையில எடுத்தது. பெஞ்சு, மரச்சீனிக் கிழங்கு, மீன்கறி, கையில வெள்ளையா ஒரு கிளாஸ். முதல் போட்டோவை ஆபீஸ்ல காட்டினப்போ மேனேஜர் கேட்டது: "வாவ், அந்த ஊரு கல்ச்சரை நல்லா அனுபவிச்சிருக்கீங்க போல!" ரெண்டாவதைப் பார்த்துட்டுச் சொன்னது: "என்னப்பா, இப்படி இறங்கிட்டே?"

வைன்ல சாராயம் 13, 14 சதவீதம். கள்ளுல அஞ்சு சதவீதம் வாக்குல, அதாவது பீர் அளவு. சதவீதப்படி பார்த்தா நான் இறங்கித்தான் இருக்கேன், ஆனா அவர் சொன்ன அர்த்தத்துல இல்ல.

அன்னைக்கு வந்த கடுப்புதான் இந்தப் பதிவு.

மொதல்ல அந்த மலை ஊரைப் பத்திச் சொல்லிடுறேன். மிலன்ல ஆறு மாசம் ஆணி புடுங்கிட்டு இருந்தப்போ ஒரு வாரக்கடைசியில கிளம்பிப் போனது. ஃப்ளாரன்ஸ் வந்து, அங்கருந்து கியூசி வரைக்கும் ரயில், அப்புறம் பஸ். பஸ்ஸு மலையைச் சுத்திச் சுத்தி ஏறுது. கடல் மட்டத்துல இருந்து ஒரு அறுநூறு மீட்டர். சுத்தி மதில். கீழ் வாசல்ல நுழைஞ்சா ஒத்தைத் தெரு, ஏத்தமோ ஏத்தம். நம்மூர்ல கோவில் படியேறி மூச்சு வாங்குற மாதிரி ஊர் முழுக்கவே ஏறணும். உச்சியில ஒரு சதுக்கம், அதுல ஒரு பெரிய தேவாலயம். அதோட முகப்பு வேலை பல நூறு வருஷமா முடியாம செங்கல்லாவே நிக்குது. நம்மூர் மொட்டைக் கோபுரம் ஞாபகம் வந்துச்சு, சட்டுன்னு அந்த ஊரு பிடிச்சுப் போச்சு.

அந்தத் தெருவோட வீடுகளுக்கு அடியில எல்லாம் குடைஞ்சு வச்சிருக்காங்க. படி இறங்கினா சில்லுன்னு குகை, ஆளை விட உயரமான ஓக் மர பீப்பாய்கள் வரிசையா. ஒவ்வொரு ஆகஸ்ட் கடைசி ஞாயித்துக்கிழமையும் ஊரோட எட்டு பேட்டைக்காரங்களும் எண்பது கிலோ பீப்பாயை அந்த ஏத்தத்துல உருட்டிக்கிட்டுப் போற பந்தயம் நடக்குது. நம்ம மஞ்சுவிரட்டு மாதிரி அவங்களுக்கு அது.

கடையில ஒரு அம்மா அரை மணி நேரம் பாடம் எடுத்தாங்க. நான் வாங்கப் போறது ஒரே ஒரு பாட்டில்னு தெரிஞ்சும் எடுத்தாங்க. அவங்க வைனுக்கு 1980ல இத்தாலி அரசாங்கம் தன்னோட மிக உயர்ந்த தர முத்திரையைக் கொடுத்திருக்கு. அதுக்கு விதி இருக்கு. அந்த ஊர் எல்லைக்குள்ள விளைஞ்ச திராட்சைதான். அதுல குறைஞ்சது 70 சதவீதம் சாஞ்சியோவேசே ரகம். ரெண்டு வருஷம் ஊறணும். ஒவ்வொரு பாட்டில் கழுத்துலயும் அரசாங்கம் கொடுத்த பட்டை, அதுல ஒரு நம்பர். அந்த நம்பரை வச்சு இது யார் தயாரிச்சதுன்னு பின்னாடியே போய்ப் பிடிக்கலாம். டேட்டாபேஸ்ல பிரைமரி கீ இல்லாத டேபிளைப் பார்த்தாலே கை நடுங்குற எனக்கு அந்தப் பட்டையைக் கண்ணுல ஒத்திக்கலாம் போல இருந்துச்சு.

சாப்பாடு? பீச்சின்னு ஒரு வகை பாஸ்தா. நம்ம சேவையை விரல் கனத்துக்கு உருட்டினா எப்படி இருக்கும், அப்படி. மாவு, தண்ணி, கொஞ்சம் உப்பு. முட்டை சேர்க்க வசதியில்லாத குடியானவங்க சாப்பாடு அது. மேல பூண்டும் தக்காளியும். அதை இன்னைக்கு வெள்ளைத் துணி விரிச்ச மேசையில பெருமையா வைக்கிறாங்க, "எங்க பாட்டிங்க சாப்பிட்டது"ன்னு சொல்லி வைக்கிறாங்க. காசும் அதுக்கேத்த மாதிரிதான்.

சரி, ஊருக்கு வருவோம்.

நமக்கு அருப்புக்கோட்டை. அம்மா ஊரு திருச்சுழி பக்கம். மலை கிடையாது, கரிசல்தான். அங்கங்க செவக்காடு, எங்க பார்த்தாலும் சீமைக்கருவேலம், அதுக்கு நடுவுல புகையுற கரிமூட்டம், கண்மாய்க் கரையில பனை. 2018ல மத்திய அரசு பின்தங்கின மாவட்டம்னு நாடு முழுக்கப் பட்டியல் எடுத்தப்போ தமிழ்நாட்டுல இருந்து ரெண்டே ரெண்டு பேர் சேர்த்தாங்க. ராமநாதபுரம், விருதுநகர். எங்க வறட்சி அப்படி ஐஎஸ்ஐ முத்திரை வாங்கின வறட்சி.

ஆனா பழமைக்குக் குறைச்சல் இல்ல. திருச்சுழி சுந்தரர் தேவாரம் பாடின தலம், பாண்டிய நாட்டுப் பதினாலுல ஒண்ணு. ரமணர் 1879 டிசம்பர் 30ல பிறந்த ஊர். கோவில் கோபுரம் அவ்ளோ தூரத்துல இருந்தே தெரியும், பக்கத்துல குண்டாறு. பொறந்த வீட்டைப் பார்க்க வெள்ளைக்காரங்க எல்லாம் டாக்சி பிடிச்சு வர்றாங்க. மொண்டெபுல்சியானோவுக்கும் ஒரு ஆள் உண்டு. 1454ல அங்க பொறந்த ஒரு கவிஞர், ஊர்ப் பேரையே தன் பேரா வச்சுக்கிட்டு போலிசியானோன்னு அழைக்கப்பட்டவர். அவங்க அவர் பிறந்த வீட்டையும் காட்டுவாங்க, கையோட ஒரு கிளாஸும் கொடுப்பாங்க. நம்ம ஊருக்கு வர்ற வெள்ளைக்காரர் வீட்டைப் பார்ப்பார், கோவிலைப் பார்ப்பார், பாட்டில் தண்ணி வாங்குவார், மதுரைக்கு வண்டியைத் திருப்பச் சொல்வார். இந்த மண்ணோட ருசி என்னன்னு அவர் நாக்குக்குத் தெரியாது.

ருசி இல்லாமலா? விருதுநகர் எண்ணெய் பரோட்டா, சாத்தூர் சேவு, கருப்பட்டி மிட்டாய். இதெல்லாம் பேர் வாங்கினது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019ல புவிசார் குறியீடு, கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020ல, உடன்குடி கருப்பட்டிக்கு 2023ல, விருதுநகர் சம்பா வத்தலுக்கும் கிடைச்சாச்சு. பேர் வாங்காதது வீட்டுக்குள்ள கிடக்கு: குதிரைவாலிச் சோறு, கம்மங்கூழு, மோர் மிளகாய், சுட்ட கருவாடு, தணல்ல வாட்டின பனம்பழம். பீச்சிக்கு எந்த விதத்துல குறைச்சல்? ஆனா இந்தச் சாப்பாட்டோட கூட இருந்த ஒண்ணை மட்டும் கிரிமினல் கேஸ் ஆக்கி வச்சிருக்கோம்.

உடன்குடி கருப்பட்டின்னு சொன்னேன்ல, அது வர்றதும் அதே பனைதான். அதே பாளை, அதே கலயம். இதை விவரம் தெரியாத பட்டணத்து மக்களுக்காகக் கொஞ்சம் விளக்கிடுறேன்.

பனையேறுறவர் பாளையைக் கட்டி, இடுக்கி, நுனியை மெல்லிசாச் சீவி, கலயத்தை மாட்டிட்டு வருவார். சொட்டுச் சொட்டா இறங்கும். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஏறி மறுபடி சீவணும், இல்லாட்டி பாளை அடைச்சிக்கும். ஆக ஒரு நாளைக்கு இருபது மரம்னா நாப்பது ஏத்தம், நாப்பது இறக்கம். கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவி வச்சா இறங்குறது பதநீர். தடவாம விட்டா காத்துல இருக்குற ஈஸ்ட் தானா வேலை பார்க்கும், சில மணி நேரத்துல அது கள். யாரும் எதையும் ஊத்த வேணாம், காய்ச்ச வேணாம், கலக்க வேணாம்.

அதாவது மரம் ஒண்ணு. அந்த மரம் 1978ல இருந்து தமிழ்நாட்டோட மாநில மரம். 2021 வேளாண் பட்ஜெட்ல பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேணும்னு அறிவிச்சாங்க, பனங்கொட்டை நடத் திட்டம் போட்டாங்க. எல்லாம் சரி. அந்த மாநில மரத்துல கட்டுற கலயத்துக்குள்ள ஒரு விரல் சுண்ணாம்பு இருந்தா ரோட்டோரத்துல குடைக்கு அடியில உக்காந்து விக்கலாம், அமைச்சர் காரை நிறுத்திக் குடிச்சுப் பாராட்டுவார். ஒரு விரல் சுண்ணாம்பு இல்லாட்டி தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937. ஒரு விரல் சுண்ணாம்புல குற்றவாளி ஆகுற தொழில் உலகத்துல வேற எங்கயாவது இருந்தா சொல்லுங்க.

சரித்திரத்தை ஒரே மூச்சுல சொல்லிடுறேன், இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். 1937ல ராஜாஜி சேலத்துல ஆரம்பிச்சார். 1948ல மாகாணம் முழுக்க. 1971ல கலைஞர் எடுத்தார், 1974ல அவரே திரும்பப் போட்டார். 1981ல எம்ஜிஆர் கள்ளு, சாராயம் ரெண்டையும் திறந்தார், 1987 ஜனவரி 1ல இருந்து ரெண்டையும் மூடினார். 1983லயே டாஸ்மாக் பொறந்தாச்சு, 2003 நவம்பர்ல சில்லறை வியாபாரமும் அதுக்கே போச்சு. இதுல சீமைச் சரக்கு மட்டும் வீட்டு மாப்பிள்ளை மாதிரி கடைசியா உள்ள வந்து நடுக்கூடத்துல உக்காந்துக்கிச்சு.

1987 ஜனவரிங்கிற தேதியை மட்டும் கொஞ்சம் மனசுல வச்சுக்கங்க.

கள்ளை ஏன் திறக்கக் கூடாதுன்னு கேட்டா முதல்ல வர்ற பதில் கலப்படம். "கள்ளுல மருந்து கலந்துடுவாங்க, சாவு விழும்." நியாயமான பயம். இப்ப இத்தாலிக்கு வாங்க. 1986 மார்ச். வடக்கே, பீட்மான்ட் பக்கம், விலை மலிவான வைன்ல போதை ஏத்துறதுக்காக மெத்தனால் கலந்து வித்தாங்க. இருபது பேருக்கு மேல செத்துப் போனாங்க, சிலருக்குக் கண் போச்சு. பல நாடுகள் இத்தாலி வைனை எல்லையிலயே நிறுத்திடுச்சு. நாட்டுக்கே அவமானம். நம்ம ஊர் லாஜிக் படி அடுத்து என்ன பண்ணியிருக்கணும்? மறுநாள் காலையில திராட்சைத் தோட்டத்துக்கெல்லாம் சீல் வச்சிருக்கணும். அவங்க அதே வருஷம் உணவுக் கலப்படத்தைப் பிடிக்கத் தனியா ஒரு மத்திய ஆய்வுத் துறையைச் சட்டம் போட்டு உருவாக்கினாங்க. கலந்தவன் மேல கேஸ் போட்டாங்க. மத்தவங்க தரத்தைக் கூட்டினாங்க, மலிவு வைனை விட முத்திரை வைன்தான் மானம்னு புரிஞ்சுக்கிட்டாங்க.

அவங்க ஆய்வாளரை வேலைக்கு எடுத்தது 1986. நாம கலயத்தை உடைச்சது 1987. ஒரு வருஷம் கூட இடைவெளி இல்ல. பிரச்சனை ஒரே மாதிரி, முடிவு இப்படி. அதோட பலனைத்தான் அந்த மலை உச்சியில வெள்ளைத் துணி விரிச்ச மேசையிலயும், எங்க கண்மாய்க்கரையில மொட்டையா நிக்கிற பனையிலயும் பார்த்தேன்.

தடை போட்டதால சாவு நின்னுச்சான்னா அதுவும் இல்ல. 2023 மே மாசம் மரக்காணம், செங்கல்பட்டு. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி, அறுபது பேருக்கு மேல. ரெண்டும் மெத்தனால் கலந்த விஷச் சாராயம். அந்தக் கணக்குல கள் எங்கயும் இல்ல.

நேர்மையா ஒண்ணையும் சொல்லணும். 2025 ஜூலையில ஹைதராபாத் குக்கட்பள்ளியில கலப்படக் கள்ளைக் குடிச்சு ஆட்கள் செத்தாங்க. அங்க கள் சட்டப்படி விக்கிற பொருள். "பாத்தியா, இதுக்குத்தான் சொன்னோம்"னு நீங்க சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிட்டேன். ஆனா யோசிங்க. அத்தனை அடுக்குமாடிக்கு நடுவுல எத்தனை பனை இருக்கும்? மரம் இல்லாத இடத்துல கள்ளுக்குக் கிராக்கி இருந்தா இடையில மருந்து நுழையத்தான் செய்யும். இங்கதான் அந்த அம்மா எடுத்த பாடம் உதவுது: ஊர் எல்லைக்குள்ள விளைஞ்சது, நம்பர் போட்டது. திருச்சுழிப் பனையில இறங்கின கள் திருச்சுழியில அன்னைக்கே வித்துத் தீரணும். டவுனுக்கு லாரியில போகக் கூடாது. பனை என்ன ஒளிச்சு வைக்கிற சாமானா? அறுபது அடி உயரம், மூணு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருந்தே தெரியும். ஒவ்வொரு மரத்துக்கும் பெயின்ட்ல ஒரு நம்பர், ஏறுறவருக்கு ஒரு உரிமம், இத்தனை மரத்துக்கு இத்தனை லிட்டர்தான் வரும்ங்கிற கணக்கு. அதுக்கு மேல வித்தா கலப்படம்னு ஒரு எக்ஸெல் ஷீட் சொல்லிடும். இதுக்கு ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் எல்லாம் தேவையில்ல சாமி, நான் சனி ஞாயிறுல எழுதிக் கொடுக்குறேன், ஓசியில.

கேரளாவுல உரிமம் வாங்கின கடைகள் ஓடுது, கள்ளுத் தொழிலாளிக்குன்னு 1969லயே நலநிதிச் சட்டம் போட்டுட்டாங்க, ஷாப்புக் கறிக்குன்னே குடும்பத்தோட வண்டி கட்டிக்கிட்டு வர்றாங்க. கோவாக்காரன் முந்திரிப்பழச் சாராயத்துக்கு, அதாவது ஃபெனிக்கு, 2009ல புவிசார் குறியீடே வாங்கிட்டான். யாழ்ப்பாணத்துப் பனங்கள் புட்டியில அடைபட்டு வெளிநாடு போகுது. அருப்புக்கோட்டையில இருந்து செங்கோட்டை வழியா நாலு மணி நேரத்துக்குள்ள ஆரியங்காவு. அந்தக் கோட்டைத் தாண்டினா அதே கள் பண்பாடு, இந்தப் பக்கம் வந்தா குற்றம்.

இந்தப் பக்கம் எது குற்றம் இல்ல? 42.8 சதவீத சாராயம். கரும்பாலைக் கழிவுல வடிச்சு, கலர் ஊத்தி, பிராந்தின்னு பேர் வச்சது. திராட்சையைக் கண்ணால பார்க்காத பிராந்தி! 2023-24ல டாஸ்மாக் வழியா அரசாங்கத்துக்கு வந்த வருமானம் 45,855 கோடி. அஞ்சு சதவீதம் ஒழுக்கக்கேடு, நாப்பத்தி ரெண்டு சதவீதம் நலத்திட்டம். அந்தக் காசுல எங்க ஊருக்குப் பங்கு வரலையான்னா வருது, மறுக்கல. ஆனா ஒரு குவார்ட்டருக்குக் கொடுக்குற காசு எங்க ஊரை விட்டுப் போயிடுது. ஒரு கலயத்துக்குக் கொடுக்குற காசு ஏறினவர் வீட்டு அடுப்புக்குப் போகும். வறட்சி மாவட்டத்துல இந்த வித்தியாசம் சின்ன விஷயம் இல்ல. மழை பொய்ச்சாலும் பொய்க்காத ஒரே வெள்ளாமை பனை.

இவ்வளவு வீராப்பா எழுதிட்டு ரெண்டு இடத்துல நான் வாயடைச்சுப் போனதையும் சொல்லாம விட்டா அது கள்ளாட்டம்.

ஒண்ணு, எங்க அத்தை. இந்த வாதத்தை எல்லாம் பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ திண்ணையில உக்காந்து அடிச்சு விட்டுக்கிட்டு இருந்தேன். வெங்காயம் உரிச்சிக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தவங்க தலையை நிமிராம சொன்னாங்க: "கள்ளா இருந்தா என்ன, பிராந்தியா இருந்தா என்னய்யா. குடிச்சிட்டு வந்து ஒங்க மாமா எந்தக் கையால அடிச்சாருன்னுதான் எனக்குத் தெரியும்." திண்ணையில இருந்த ஆம்பளை ஒருத்தரும் மூச்சு விடல. சதவீதக் கணக்கு அங்க வேலைக்கு ஆகல. அவங்க கேட்டது எல்லாத்தையும் மூடணும்னு. அப்படி ஒரு அரசாங்கம் வந்து எல்லாத்தையும் மூடினா நான் இந்தப் பதிவை அழிச்சிடுறேன். ஆனா கள்ளை மூடிட்டு பாரைத் திறந்து வச்சிக்கிட்டு, அத்தையைக் காரணம் காட்டுறவங்களைத்தான் எனக்குப் பொறுக்கல. அவங்களைக் காப்பாத்துறதுக்காக யாரும் கள்ளை மூடல.

ரெண்டாவது சாதி. இதைத் தொடாம நழுவுறவங்கதான் இந்த விஷயத்துல ஜாஸ்தி. கள்ளு நம்ம பாரம்பரியம்னு பேசுறது யாரு? பெரும்பாலும் என்னை மாதிரி மரம் ஏறாதவன். எங்க தாத்தா ஏறினவர் இல்ல, மரத்தைக் குத்தகைக்கு விட்டவர். நெஞ்சு காய்ச்சு, கால் வளைஞ்சு, ஒரு ஈரப் பாளையில கை வழுக்கினா உசிரே போற வேலையை வேற ஆளுங்க தலையில கட்டிட்டு, அவங்களையே கீழ்சாதின்னும் சொன்ன ஊர் இது. அருப்புக்கோட்டை, விருதுநகர், சிவகாசின்னு இந்த ஊர்கள்ல நாடார்கள் உறவின்முறை கட்டி, கடை வச்சு, பள்ளிக்கூடம் கட்டி மேல வந்ததே மரத்தை விட்டு இறங்கினதாலதான். 1910ல ஆரம்பிச்ச நாடார் மகாஜன சங்கம் கள் இறக்குறதை விடச் சொல்லித்தான் பிரச்சாரம் பண்ணுச்சு. அந்த வரலாற்றுக்கு முன்னாடி நின்னு "பாரம்பரியத்தைக் காப்பாத்துங்க, ஏறுங்க"ன்னு ஏசி ரூம்ல இருந்து சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

இல்லதான். அதனால நான் யாரையும் ஏறச் சொல்லல. இன்னும் ஏறிக்கிட்டு இருக்கவரைக் குற்றவாளி ஆக்காதேன்னு மட்டும் சொல்றேன். திராட்சை பறிக்கிற கூலிக்காரன் வேலையும் அங்க ஒரு காலத்துல நாய்ப் பொழப்புதான். முத்திரை வந்து, விலை வந்து, அப்புறம்தான் மரியாதை வந்துச்சு. இங்க ஏறுறவருக்குக் காசும் கிடையாது, மரியாதையும் கிடையாது, கூடுதலா போலீஸ் பயம். இப்படி இருந்தா அவர் பையன் எப்படி ஏறுவான்? ஏற மாட்டான். ஏற ஆள் இல்லாட்டி மரத்தை வச்சிருக்கவன் என்ன பண்ணுவான்? எங்க மாமா பண்ணினதைத்தான் பண்ணுவான். 2012ல கண்மாய் ஓரத்து முப்பது பனையையும் செங்கல் சூளைக்குக் கொடுத்துட்டார். அத்தனையும் அவரோட அப்பா காலத்துக்கு முந்தின மரம். வாங்கின காசுல ஒரு பழைய பைக் வந்துச்சு. பைக் இப்ப இல்ல.

அந்த முப்பது மரத்துல ஏறினவர் இன்னும் இருக்கார். எழுபதுக்கு மேல வயசு. எங்க மரம் போன பிறகு பக்கத்து ஊர்ல ஒரு பத்து மரம் பிடிச்சு பதநீர் இறக்கினார். சில நாள் சொந்தக்காரங்க கேட்டாங்கன்னு சுண்ணாம்பு போடாம ஒரு கலயம் விட்டதுக்கு ரெண்டு தடவை கேஸ். ரெண்டாவது தடவை மரத்துல இருந்த கலயத்தை எல்லாம் கல்லெறிஞ்சு உடைச்சிருக்காங்க. "அபராதம் கூடப் பரவால்லய்யா. பூராக் கலயமும் போச்சு, அந்த வருசம் கருப்பட்டியும் இல்ல"ன்னார்.

இத்தாலியில வாங்கின அந்த ஒரு பாட்டிலை இவருக்காகத்தான் பெட்டியில துணி சுத்திக் கொண்டு வந்தேன். பங்குனிக் கடைசி, வெயில் கொளுத்துது. வேப்பமரத்தடிக் கட்டில்ல உக்காந்து எவர்சில்வர் டம்ளர்ல ஊத்திக் கொடுத்தேன். அந்த அம்மா பார்த்திருந்தா அழுதிருப்பாங்க. தாத்தா மோந்து பார்த்தார், ஒரு வாய் வச்சார், மூஞ்சியைச் சுளிச்சார்.

"புளிப்பேறிப் போச்சேய்யா. எத்தனை நாள் கள்ளு இது?"

"ரெண்டு வருசத்துக்கு மேல தாத்தா."

ரொம்ப நேரம் சிரிச்சார். ரெண்டு நாள் கள்ளையே எங்க ஊர்ல மாட்டுக்குக் கூட வைக்க மாட்டாங்க. அப்புறம் பாட்டிலைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழுத்துல இருந்த பட்டையை நகத்தால தடவிட்டு என்னன்னு கேட்டார். கவர்மென்ட் ஒட்டினது, இது நல்ல சரக்குன்னு கவர்மென்டே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும்னு சொன்னேன்.

"கவர்மென்டேவா?"

"ஆமா தாத்தா."

டம்ளர்ல மிச்சம் இருந்ததை வேப்பமரத்து மூட்டுல ஊத்தினார். பாட்டிலை மட்டும் கொடுத்துட்டுப் போகச் சொன்னார், விளக்கெண்ணெய் ஊத்தி வைக்க வாகா இருக்குமாம். பட்டையைக் கிழிக்காம கழுவணும்னு மருமகளைக் கூப்பிட்டுச் சொல்லிக்கிட்டு இருந்தப்போ எனக்கு அருப்புக்கோட்டை பஸ் வந்துடுச்சு.